ஆண்டுக்கு ஒரு முகம்

ஈரம் காயாத ஓவியத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் என் அண்ணை இன்றைக்கும் தலையில் கை வைப்பார். அந்த ஓவியரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சுவிஸில் அவருடைய படங்களைப் பெரிய மண்டபங்களில் மாட்டியிருந்தார்களாம். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டொரொன்டோவில், டோர்செட் பார்க்கில், அண்ணையின் அப்பார்ட்மென்ட்டில், ஒன்பதாவது மாடியில் இருந்தேன். வயதுபோனவர்களின் வீடுகளுக்கு உதவிக்கு ஆள் அனுப்பும் ஓர் இடத்தில் வேலை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளும் வெக்ஸ்போர்டில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எழுபத்து நாலு வயது மனுசன், தனிய. சமைத்து, கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வெளிக்கிடலாம். முதல் நாள் கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்தார். அதுவும் ஒரு நிமிடம் வைத்த கண் வாங்காமல். கண்டறியாத கிழவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். என் ஆங்கிலம் நொண்டி. அவருடையது மலையேறி இறங்கி வரும். எப்படியோ இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. அவர் சொன்னதை இங்கே என் தமிழில்தான் தருகிறேன்.

சூப் குடிக்கும் நேரத்தில் மட்டும்தான் அவருக்கு வாய் திறக்கும். பிறந்த ஊர் சுவிஸில் ஒரு மலைப் பள்ளத்தில் இருந்ததாம். குளிர்காலத்தில் மூன்று மாதம் வெயிலே விழாதாம், சூரியன் மலைக்குப் பின்னாலேயே போய்விடுமாம். தகப்பன் வெளியூர்க்காரரை மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. இவர் முதலில் தேவாலயச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, பிறகு பட்டணம் போய் ஓவியம் படித்து, ஒரு பெண்ணுக்குப் பின்னால் கனடா வந்தவர். அந்தப் பெண் விட்டுவிட்டுப் போன பிறகும் இவர் போகவில்லை. பல வருடம் பகலில் டொரொன்டோ வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார், சனி ஞாயிறில் தன் படங்களை வரைந்தார். மேசை, கதிரை, யன்னல், ஒரு கோப்பை, அவ்வளவுதான். எல்லாம் சாம்பல் நிறம். மப்பும் மந்தாரமுமான நாளில் லைட் போடாமல் இருக்கும் வீடு மாதிரி இருக்கும்.

"ஏன் சேர், ஒரு நல்ல கலரும் போடமாட்டீர்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கலர் முழுக்க உங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போய்விட்டதே, மேடம்," என்றார்.

பெட்டிக்குள் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவருக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு போனேன்.

இனி என்னுடைய கதையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. ஊர்ச் சண்டைக்குத் தப்பி நான் முதலில் கனடாவுக்கு வந்துவிட்டேன், என் மனுசன் பின்னால் வருவதாக இருந்தது. ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்ட் அவரைக் கிழக்கு ஐரோப்பாப் பக்கமாகக் கொண்டுவந்தான். அவர் ஒரு நாட்டில் நின்றுகொண்டு, குளிர் முடியட்டும், பிறகு எல்லை கடக்கலாம் என்று எழுதினார். நான் விடவில்லை. இனியும் ஏலாது, கெதியாக வாங்கோ என்று எழுதினேன். அந்தக் கடிதம் அவர் கையில் கிடைத்தது, வெளிக்கிட்டுவிட்டார்.

அவரோடு கூட நடந்து வந்த ஒரு பெடியன் எட்டு மாதம் கழித்து டொரொன்டோ வந்து சேர்ந்தான். அண்ணையின் வீட்டு செற்றியின் நுனியில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி சொன்னான்.

"காட்டுக்குள்ளை ரெண்டு நாள் நடந்தனாங்கள், அக்கா. முழங்கால் வரைக்கும் ஸ்நோ. அத்தானாலை ஏலாமல் போச்சு. ஒரு மரத்தடியிலை குந்தினவர். நீங்கள் நடவுங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டவர்."

"செத்ததைக் கண்டனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் செத்தவற்றை கதை மாதிரிச் சொல்லுறாய்?"

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, அவன்மேல் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும் பஸ் ஸ்டொப்பில் நிற்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஸ்நோவில் யாராவது பின்னால் நடந்து வரும் சத்தம் கேட்டால் வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்பேன். பின்னால் வாறன் என்று சொன்னவர் எந்த நேரமும் வரலாம்தானே.

அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. "எத்தினை நாளைக்கு இப்பிடி இருக்கப்போறாய்? ஐயரோடை கதைச்சிட்டன். உடம்பு கிடைக்காட்டிலும் தர்ப்பையிலை உருவம் செய்து அந்தியேட்டிக் கிரியை முடிக்கலாமாம். செய்தால்தான் அவருக்கும் வழி, உனக்கும் வழி," என்பார்.

நான் மாமியைக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். மாமி, அவருடைய தாய், யாழ்ப்பாணத்தில் இருந்தார். மாதக்கணக்கில் சுற்றி வரும் அவருடைய கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தம்பியிடமிருந்து தகவல் ஏதும் வந்ததோ. மகனைத் தம்பி என்றுதான் அவர் கூப்பிடுவார். நான் பெடியன் சொன்னதை அவருக்கு எழுதவே இல்லை. "மாமி அங்கை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டிருக்கிறா. அந்தியேட்டி எண்டால் அவவுக்குச் சொல்லோணும். சொன்னால் அவவும் போயிடுவா. ஒரு சாவுக்கு ரெண்டு சாவோ, அண்ணை?" என்பேன். அண்ணை அந்த மாதத்துக்கு விட்டுவிடுவார். அடுத்த மாதம் மறுபடி தொடங்குவார்.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்தப் பொட்டு விசயம் நடந்தது. நவராத்திரி நாட்கள், வெள்ளிக்கிழமை. விடியக் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்திருந்தேன். தோய்த்த உடுப்பை எடுக்கப் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால், எப்போதும் பூட்டியிருக்கும் பின்னறை திறந்து கிடந்தது. லைட்டைப் போட்டேன்.

சுவர் முழுக்க முகங்கள். ஐம்பத்திரண்டு என்று பிறகு எண்ணினேன். மூலையில் ஓர் இளந்தாரி. அடுத்ததில் அவனே, ஒரு வயது கூட. அதற்கடுத்ததில் இன்னும் ஒரு வயது. நாலு சுவரையும் சுற்றிக்கொண்டு அந்த ஆள் மெல்ல மெல்லக் கிழவனாகி, கதவுக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேரின் சாயல் இருந்தது, யாரோ இறந்துபோன சொந்தம் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவருடைய முகத்தைத் தனியே பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். கேட்கத் தேவையில்லை. அதனால்தான் என் மனுசனின் படத்தை நான் பர்ஸுக்குள்ளேயே வைத்திருந்தேன், அண்ணை பிரேம் போட்டுத் தரட்டுமா என்றபோது அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. இங்கே இத்தனை முகம், ஒரு விளக்கில்லை, ஒரு பூவில்லை. பாவமாக இருந்தது. கோயிலில் தந்த சந்தனம் பேப்பரில் சுற்றியபடி கைப்பையில் கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, கதவோரத்துக் கிழவரின் நெற்றியில் வைத்தேன்.

என் விரல் உள்ளே போனது. பெயின்ட் காயவில்லை. விரலை எடுத்தால் நுனியில் அந்த மனிதரின் நெற்றி நிறம் ஒட்டியிருந்தது.

சேர் படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கிட்ட வந்து பொட்டை உற்றுப் பார்த்துவிட்டு, இது என்ன என்று மட்டும் கேட்டார். இறந்தவர்களின் படத்துக்குச் சந்தனம் வைப்போம், பூ வைப்போம், விளக்கு வைப்போம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்படியென்றால் ஆள் மாறிவிட்டது. இவன் சாகவில்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான்," என்றார்.

அது அவருடைய தமையன். அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது, தமையனுக்கு இருபத்து நாலு. இரண்டு பேரும் கயிற்றால் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு ஒரு பனியாற்றைக் கடந்திருக்கிறார்கள். மலைக்கு மேலே ஆறு முழுவதும் ஐஸாக உறைந்து கிடக்குமாம், உள்ளே ஆளை விழுங்கும் வெடிப்புகள் இருக்குமாம். நடுவழியில் இவருக்கு அந்த இடத்தைப் படமாகக் கீறவேண்டும்போல் ஆசை வந்துவிட்டது. கொஞ்சம் கயிற்றை அவிழ்த்துவிடு என்று கேட்டார். தமையன் சிரித்துக்கொண்டு அவிழ்த்துவிட்டுப் பத்தடி முன்னால் நடந்தான். இவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தியபோது அங்கே யாரும் இல்லை.

பனியாறும் ஆறுதான், நகரும், ஆனால் வருடத்துக்குக் கொஞ்சத் தூரம்தான் என்று ஊர் வாத்தியார் சொன்னாராம். விழுங்கினதை என்றைக்காவது அடிவாரத்தில் கொண்டுவந்து தரும், ஐம்பது வருடம் ஆகலாம் என்றாராம். இவர் காத்திருந்தார். தமையனின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஒக்டோபரிலும், தமையனின் பிறந்தநாளுக்கு, ஒரு படம். முயல் தோலைக் காய்ச்சின பசையில் சோக்குத் தூளைக் கலந்து ஒரு பலகைக்கு எட்டுத் தரம் வெள்ளை பூசி, காயவிட்டு, ஒரு கண்ணாடியின் முன்னால் இருப்பார். இரண்டு பேரும் ஒரே சாயல்தான் என்று ஊரெல்லாம் சொல்லுமாம். கண்ணாடியில் தெரியும் தன் முகத்தில் இரண்டு வயதைக் கூட்டிவிட்டால் தமையன் வந்துவிடுவான்.

சொல்லி முடித்துவிட்டு என் குங்குமப் பொட்டைக் காட்டினார். "இது யாருக்கு?"

உயிரோடிருக்கும் ஒருவருக்கு என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணைக்குக்கூடச் சொல்லாத அந்தக் கடிதத்தையும், கெதியாக வாங்கோ என்று எழுதினதையும், இந்த அந்நியக் கிழவனுக்குச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. படம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

இரண்டு கிழமை விட்டுப் பிடித்தேன். படமாக வரைந்தால் அது சாவுப் படமாகிவிடுமோ என்று பயம். சுவரில் மாட்டமாட்டேன் என்று அவர் வாக்குத் தந்த பிறகு பர்ஸைத் திறந்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த படம், பெருவிரல் அளவு, முகம் பாதி மங்கியிருந்தது. அவர் வரைய வரைய நான் உடுப்பு மடித்துக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது வயது என்ன, தகப்பனுக்கு மயிர் எப்போது கொட்டினது, சிரித்தால் எந்தப் பக்கம் கோணும். மாசிப் பனி கரைய முதல், சேர் படம் வரையும் ஸ்டாண்டில் என் மனுசன் இருந்தார். முப்பத்தெட்டு வயது, முன்மயிர் கொஞ்சம் கொட்டி, காதோரம் ஓர் இழை நரைத்து.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. உடுப்பு மடிக்கும் சாட்டில் என் மனுசனோடு கதைத்தேன், அண்ணையைப் பற்றிக் கோள் சொன்னேன். மாமிக்கு எழுதும் கடிதங்களும் மாறிப்போயின. உங்கள் மகனுக்கு இப்ப காதடியில் நரை விழுந்திருக்கும் மாமி, மாமாவைப் போலத்தான் நெற்றி ஏறியிருக்கும் என்றெல்லாம் எழுதினேன். மாமியும் விடாமல் கேட்டு எழுதினார், மெலிஞ்சிருப்பானோ, கண்ணாடி போட்டிருப்பானோ என்று. பேய் பிடித்தவர்களுக்குத் தங்களுக்குப் பிடித்திருப்பது தெரியாது என்பார்கள். உண்மைதான்.

அந்தக் கோடை முடிகிற நேரத்தில் சுவிஸிலிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தது. சேர் அதைப் பிரித்து வாசித்தார், பிறகு மேசையில் வைத்துவிட்டுச் சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "தந்துவிட்டது," என்றார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

பனியாற்றின் அடிவாரத்தில் ஓர் உடல் வந்திருக்கிறது. உங்கள் தமையனாக இருக்கலாம், பார்த்து உறுதி சொல்லுங்கள் என்று ஊர் அலுவலகம் இரண்டு படம் அனுப்பியிருந்தது. ஒன்றில் முகம். ஐஸுக்குள் கிடந்ததால் கெடாமல், தோல் மட்டும் மெழுகு நிறமாகியிருந்தது. இருபத்து நாலு வயதுப் பிள்ளை.  சேர் அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மேடம், இது யார்?"

கீழே கொண்டுபோனோம். மூலையில் இருந்த முதல் படத்தோடு, அந்த இளந்தாரியோடு, பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். என் கண் பழகிப்போய்விட்டது, ஆகவே நீங்கள் சொல்லுங்கள் என்றார். நான் பார்த்தேன். ஐஸில் வந்த பிள்ளைக்குச் சின்னத் தாடை, காது இரண்டும் வெளியே தள்ளினபடி, புருவம் நடுவில் கூடினது. சுவரில் இருந்தவனுக்கு அகலத் தாடை, ஒட்டின காது. இரண்டாவது படத்தைப் பார்த்தேன், மூன்றாவதைப் பார்த்தேன். சுற்றி வந்து கடைசிப் படம் வரைக்கும் பார்த்தேன்.

பொய் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"சேர், இதெல்லாம் நீங்கள்தான்," என்றேன்.

அவர் படியில் குந்திவிட்டார். "அவனுக்குக் காது இப்படியா இருந்தது?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நானும் அந்த ஊரில் பிறந்தவள் மாதிரி. வேறு யாருடையதோ பிணம், பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இரண்டாவது படத்தைக் கொடுத்தேன். கம்பளி நூலில் பின்னின ஒரு காலுறை. மேல் விளிம்பில் இரண்டு சிவப்பு வரி. தாய் பின்னும்போது மூத்தவனுக்கு இரண்டு வரி, இளையவனுக்கு ஒரு வரி போடுவாவாம். அதைக் கண்டதும் மனுசன் குழந்தை மாதிரி அழுதார். காலுறையை அடையாளம் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வருடம் வரைந்த முகத்தைத் தெரியவில்லை.

அழுது முடித்து எழும்பி, என் மனுசன் இருந்த ஸ்டாண்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இதையும் பார்த்துவிடுங்கள்," என்றார்.

அதுவரைக்கும் தெரியாதது அப்போது தெரிந்தது. அந்த அகலத் தாடை. அந்த ஒட்டின காது. பர்ஸிலிருந்து பெருவிரல் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மங்கியிருந்த இடத்தையெல்லாம் இந்தக் கிழவன் தன் கண்ணாடியிலிருந்து எடுத்து நிரப்பியிருந்தார். கண்ணை மூடி என் மனுசனை நினைத்துப் பார்த்தேன். சுவிஸ்காரனின் தாடையோடுதான் வந்தார். எவ்வளவு முயன்றும் பழைய முகம் வரவில்லை.

"என்ன விசர் வேலை பாத்து வைச்சிருக்கிறீங்கள்," என்று தமிழில் கத்தினேன். விளங்கினவர் மாதிரித் தலையை ஆட்டினார். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன். ஆறு மாதமாகக் கோள் சொல்லிக்கொண்டு நின்றவள் நான்தானே.

அவர் அடுத்த கிழமையே ஊருக்குப் பறந்து தமையனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார், மேசையையும் கோப்பையையும் மட்டும் வரைந்தார், என் குழம்பை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அந்த ஐம்பத்திரண்டையும் ஒரு கலைக்கூடத்துக்காரர் வந்து எடுத்துப்போனார். ஒரு மனிதன் தன்னைத்தானே இவ்வளவு காலம் வரைந்த தொடர் வேறெங்கும் இல்லை என்று அவர் புகழ்ந்தபோது சேர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலுறையைப் பார்த்த கிழமையின் ஞாயிற்றுக்கிழமை, அண்ணையிடம் போய், ஐயரைக் கூப்பிடுங்கோ என்றேன். ஆனால் மாமிக்கு முதலில் நானே சொல்லவேண்டும். மாமி கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்து ஒரு சொந்தக்காரர் வீட்டில் நின்றார், அங்கே டெலிபோன் இருந்தது. கார்ட் ஒன்று வாங்கி, இலக்கத்தை மூன்று தரம் பிழையாக அழுத்தி, நாலாவது தரம் பிடித்தேன். பக்கத்தில் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டேன்.

"மாமி, உங்களுக்கு ஒரு விசயம் இவ்வளவு காலமும் சொல்லாமல் மறைச்சுப்போட்டன்."

"சொல்லு பிள்ளை."

சொன்னேன். காட்டை, ஸ்நோவை, மரத்தடியை, எல்லாம். கெதியாக வரச்சொல்லி எழுதினதையும் சொன்னேன். 

"எனக்குத் தெரியும்," என்றார் மாமி.

"என்ன மாமி தெரியும்?"

"அந்தப் பெடியன்ரை தாய் எங்கடை பக்கம்தானே. அவன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த கையோடை தாய்க்கு எழுதிப்போட்டான். அவ கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினவ. உன்ரை மனுசன்ரை தம்பி, சின்னவன்தான் எல்லாம் செய்தவன். அந்தியேட்டி, வருசா வருசம் ஆட்டைத் திவசம் எல்லாம் செய்தாச்சு. நாலு திவசம் முடிஞ்சுது, பிள்ளை."

 எனக்குக் கோபம் வந்தது, எப்போதும்போல. "அப்ப ஏன் மாமி ஒவ்வொரு கடிதத்திலையும் தகவல் வந்ததோ எண்டு கேட்டனீங்கள்? மெலிஞ்சிருப்பானோ எண்டு ஏன் கேட்டனீங்கள்?"

"இஞ்சை எல்லாருக்கும் அவன் செத்தவன். உன்ரை கடிதத்திலைதான் அவன் இருந்தவன். நரை விழுந்திருக்கும் எண்டு எழுதுவாய், நான் அதைத் திருப்பித் திருப்பி வாசிப்பன். நான் கேக்கிறதை நிப்பாட்டினால் நீயும் எழுதுறதை நிப்பாட்டிப்போடுவாய் எண்டு பயம்."

 அழுகிறாவோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அழவில்லை.

"இண்டைக்கு நிப்பாட்டிப்போட்டாய்," என்றார் மாமி.